கம்பவுண்டர் சுட்ட குண்டு

ஒரு புதன்கிழமை மதியம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நகரசபைக் கட்டடத்து மொட்டைமாடியில் கம்பவுண்டர் சுட்ட குண்டு, அவர் மனைவியைப் போய்ச் சேர ஏழு வருஷம் எடுத்துக்கொண்டது. குண்டின் மேல் குற்றம் சொல்ல முடியாது. அது வழியில் எங்கும் நிற்கவில்லை, ஒரு நாளும் ஓய்வெடுக்கவில்லை. நகரசபைக் கடிகாரம் நின்று வெகு காலமாகியிருந்தது. அதைப் பழுது பார்ப்பதைவிட மதியம் மாடியில் ஒரு வெடி வெடித்து மணி தெரிவித்துவிடலாம் என்று எந்தக் காலத்திலோ ஒரு தலைவர் முடிவு செய்திருந்தார், பின்னால் வந்தவர்கள் அதை மாற்றுகிற சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கென்று குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கிற பழைய துப்பாக்கி ஒன்று இருந்தது. அதைச் சுட்டுக்கொண்டிருந்தவர் முழங்கால் வலியால் படியேற முடியாமல் நின்றுவிட்டதும், நகரசபைச் செயலாளர் மருந்தகத்துக் கம்பவுண்டரைக் கூப்பிட்டு, அளந்து போடுகிற வேலைதானே, உமக்குத் தெரியாததா என்று அவர் தலையில் கட்டிவிட்டார். கம்பவுண்டருக்கு முடியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

துப்பாக்கியோடு ஒரு அச்சடித்த தாள் கொடுத்தார்கள். கம்பவுண்டர் அதை மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல இரண்டு முறை படித்தார். குழலுக்குள் இருக்கிற எண்ணெயை முதலில் காய்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும் என்றிருந்தது, துடைத்தார். தட்டினால் பொறி விடுகிற, பொத்தான் அளவு பித்தளைக் கேப்பு ஒன்றை மட்டும் வைத்துத் தட்டிப் பார்த்து, நெருப்புப் போகும் துளை அடைபடவில்லை என்று உறுதி செய்துகொள்ளச் சொல்லியிருந்தது. குழல் வாயைத் தரையில் கிடந்த சருகுக்கு நேராகப் பிடித்துத் தட்டினார், சருகு நகர்ந்தது, அவருக்குச் சின்னப் பிள்ளைபோலச் சந்தோஷம். அடுத்தது அளவு. வெடிமருந்தை அளக்க ஒரு பித்தளைக் குப்பி இருந்தது. ஆனால் இருபத்திரண்டு வருஷமாகப் புது நோயாளி யாராக இருந்தாலும் முதல் வேளைக்குக் குறைத்தே கொடுத்து, உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கூட்டுகிறவர் அவர். துப்பாக்கி அவருக்குப் புதிது, அவர் துப்பாக்கிக்குப் புதிது. குப்பியைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டு சிட்டிகை எடுத்துப் பொட்டலம் மடித்துக் குழலுக்குள் தட்டினார். தாள் வேட்டைக்காரர்களுக்காக அச்சடித்தது. மணிவெடிக்குக் குண்டு தேவையே இல்லை, மருந்தும் துணியும் போதும். அதை அவருக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. அளவைக் குறைக்கலாம், ஆனால் சீட்டில் ஆறு மருந்து எழுதியிருக்கும்போது ஐந்தை மட்டும் கொடுத்தனுப்புகிற கம்பவுண்டர் எந்த ஊரிலும் இல்லை. ஆகவே கட்டுத்துணியில் ஒரு சதுரம் வெட்டி, வாஸ்லின் களிம்பு தடவி, அதன்மேல் ஈயக்குண்டை வைத்து, கம்பியால் மருந்தின் மேல் போய் உட்காரும்வரை இடித்து இறக்கினார்.

எல்லாம் ஒழுங்காகச் செய்தவர் கடைசியில்தான் கோட்டைவிட்டார். புதுக் கேப்பு வைத்து, துப்பாக்கியைத் தோளில் சாய்த்து, கேப்பைத் தட்டுகிற குதிரையைப் பின்னுக்கு இழுத்து, விசையில் விரலை வைத்ததும் பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். முதல் முறை சுடுகிற யாரும் செய்வதுதான். மூடிய கண்ணுக்குள் அவர் மனைவி, தோளில் தபால் பையோடு, மூன்றாவது தெருவில் யார் வீட்டு வாசலிலோ நிற்பது தெரிந்தது. விசையை அழுத்தினார். சளி பிடித்தவர் இருமினாற்போல ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபோது கொஞ்சம் வெள்ளைப் புகையும், குழல் வாய்க்கு ஒரு விரல் தள்ளி அந்தரத்தில் குண்டும் நின்றன. நிற்கவில்லை, நகர்ந்துகொண்டிருந்தது என்பது ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது. செயலாளரும் குமாஸ்தாக்களும் மாடியில் கூடி நின்று ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருக்கையில், கம்பவுண்டர் ஓரமாக உட்கார்ந்து குழலுக்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, உலர்த்தி, எண்ணெய் போட்டார். தாளில் அடுத்து அதுதான் எழுதியிருந்தது, அவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அது யாருக்கான குண்டு என்பது மறுநாள் தெரிந்தது. கம்பவுண்டரின் மனைவியான தபால்காரம்மா நகரசபைக்குக் கடிதம் கொடுக்க வந்து, வேடிக்கை பார்க்க மாடிக்கும் ஏறினாள். அவள் வலப்பக்கம் நடந்தால் குண்டின் மூக்கு வலப்பக்கம் திரும்பியது, இடப்பக்கம் வந்தால் இடப்பக்கம். குமாஸ்தாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று சாயங்காலம் சமையலறையில் கம்பவுண்டர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"கண்ணை மூடிட்டேன். மூடினா உன் முகம்தான் தெரிஞ்சுது."

"கல்யாணம் ஆகி பதினெட்டு வருஷத்துல என்னை நினைச்சது அந்த ஒரு தடவைதானா?" என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

ஊர் சும்மா இருக்கவில்லை. கருமான் பட்டறைக் கல்லைத் தூக்கி வந்து குறுக்கே வைத்தான், குண்டு இரண்டு நாளில் அதைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்தது. சங்கிலியில் கட்டினார்கள், சங்கிலியில் ஓட்டை விழுந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்திப் பார்த்தார்கள், தொட்டி ஒழுகியது. இன்னொரு குண்டால் அதைச் சுட்டுத் தள்ளிவிடலாம் என்று செயலாளர் யோசனை சொன்னபோது கம்பவுண்டர் கையெடுத்துக் கும்பிட்டார், ஐயா, ஒன்றே போதும் என்றார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து, ஆளைக் கண்காணாத இடத்துக்கு அனுப்பிவிடுவதுதான் வழி என்று முடிவுகட்டினார்கள். தபால்காரம்மா ஒரு பெட்டியோடு ரயிலேறி, ஒரு பகல் பயணத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போனாள்.

அதுவரை நாளைக்கு ஒரு சாண் நகர்ந்துகொண்டிருந்த குண்டு, அவள் ரயில் கிளம்பியதும் வேகம் பிடித்தது. அவள் அக்கா வீட்டு வாசலில் இறங்கும்போது நிமிஷத்துக்கு நாலு விரற்கடை போய்க்கொண்டிருந்தது. மாடியை விட்டு இறங்கி, நாவிதர் கடைக் கண்ணாடியை விரிசல் இல்லாமல் துளைத்து, தெருத்தெருவாகக் கடந்து, ஊர்க்கோடியில் கால்நடை ஆஸ்பத்திரிக்குள் புகுந்தது. அங்கே இரண்டு கால் முறிந்து கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்த வண்டிக் குதிரை ஒன்று சரியாக அதன் பாதையில் கிடந்தது. எட்டுப் பேர் பிடித்து இழுத்தும் குதிரையை நகர்த்த முடியவில்லை. வண்டிக்காரர் அதன் தலையைக் கட்டிக்கொண்டு, இதோ வருகிறது, இதோ வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார், வேறு என்ன செய்வார் பாவம். குதிரையைக் கடக்க குண்டுக்குப் பத்து நிமிஷம் ஆனது, அதற்குள் குதிரை செத்தது. சைக்கிள் கடையையும் தாண்டினால் அடுத்தது பிரசவ ஆஸ்பத்திரி. செய்தி கேட்டுப் பதினோராம் நாள் தபால்காரம்மா யாரையும் கேட்காமல் திரும்பி வந்தாள். அவள் நெருங்க நெருங்க குண்டு தளர்ந்து, சைக்கிள் கடைக்கு முன்னால் நட்டநடுச் சாலையில் ஏறக்குறைய நின்றுவிட்டது.

கணக்கு வாத்தியார்தான் அதைப் புரிந்துகொண்டவர். அவர் முதல் நாளிலிருந்தே சாக்குக்கட்டியும் நூலுமாக அதன் பின்னால் அலைந்து அளந்துகொண்டிருந்தார். அவள் எங்கே இருந்தாலும் குண்டு அவளிடம் வந்து சேருகிற நாள் மட்டும் மாறுவதில்லை, ஏழு வருஷம் முடிகிற புதன்கிழமை மதியம் பன்னிரண்டு மணி, தூரம் கூடினால் வேகம் கூடும், குறைந்தால் குறையும் என்று சைக்கிள் கடைச் சுவரில் எழுதிக் காட்டினார். கம்பவுண்டர் அந்தச் சுவரை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். வாத்தியார் அவரிடம் பேசவில்லை, அவளிடம்தான் பேசினார்.

"ஓடினா வேகமா வரும்மா. பக்கத்துல இருந்தா மெதுவா வரும். ஒட்டி உக்காந்துட்டா வராத மாதிரியே வரும். ஆனா வரும்."

மெதுவாக வந்தால் பிழைப்பேனா என்று அவள் கேட்டாள். அது தன் கணக்கில் இல்லை என்று வாத்தியார் உண்மையைச் சொன்னார். பிரசவ ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் யோசித்துப் பார்த்துவிட்டு, ரொம்ப ரொம்ப மெதுவாகப் போனால் உள்ளே இருப்பவை விலகி வழிவிட்டாலும் விடும், சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். இவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த நம்பிக்கை. மறுநாள் காலையில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து குண்டுக்கு எதிரில் ஒரு கை தூரத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

நகரசபை சாலை நடுவில் ஒரு அறை கட்டிக் கொடுத்தது. நாலு சுவர், தகரக் கூரை, ஒரு கதவு, ஒரு ஜன்னல். வண்டிகள் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டன. ஊரிலேயே அதிகம் நடந்தவள், ஒரு நாளைக்குப் பதினாறு தெரு ஏறி இறங்கியவள், இப்போது நாற்காலியிலிருந்து ஆறு அடிக்கு மேல் போவதில்லை. தபால் இலாகா அவளை விடவில்லை. பையை அறைக்கே அனுப்பினார்கள், அவள் பிரித்து அடுக்கி வைப்பாள், ஜனங்கள் ஜன்னலில் வந்து வாங்கிக்கொள்வார்கள். குண்டு அவளுக்கும் கடிதக் கட்டுக்கும் நடுவில் நாளைக்கு மூன்று முடி கனம் நகர்ந்துகொண்டிருக்கும். அவள் மாதத்துக்கு ஒரு முறை நாற்காலியை இன்னும் கொஞ்சம் அதன் பக்கம் இழுத்துப் போடுவாள். மூன்றாம் வருஷம் இடைவெளி ஒரு சாண், நாலாம் வருஷம் நாலு விரல். தூக்கத்தில் அசைந்துவிடக் கூடாதென்று நாற்காலியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டாள்.

கம்பவுண்டர் மணிவெடி வேலையை விட்டுவிடத் துடித்தார், செயலாளர் வேறு ஆள் கிடைக்கட்டும் என்றார், கிடைக்கவில்லை. தினமும் மாடிக்குப் போய் அளவுக் குப்பி நிறைய மருந்து எடுத்து, குண்டில்லாமல், இமையை விரலால் பிடித்துக்கொண்டு சுட்டார். கண் திறந்திருந்ததால் வானத்தைத் தவிர எதையும் அவர் சுடவில்லை. தினமும் வெந்நீர் ஊற்றிக் கழுவினார், துணி வெள்ளையாக வந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். இப்போது அந்த ஊரிலேயே துப்பாக்கி கெட்டிக்க அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை, அதனால் யாருக்கு என்ன லாபம்? ஒரு முறை சாப்பாட்டுப் பாத்திரத்தை வைத்துவிட்டுக் குண்டுக்கும் அவளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டார். எழுந்திருங்க, உங்களையும் துளைச்சுக்கிட்டு என்கிட்டதான் வரும், அப்புறம் எனக்குச் சாப்பாடு யார் கொண்டுவருவா என்று அவள் அதட்டினாள். அவர் எழுந்துவிட்டார்.

ஐந்தாம் வருஷம் அவள் அம்மா இறந்துபோனாள். தகவல் தபாலில்தான் வந்தது, அடுக்கும்போது அவள் கையிலேயே வந்தது. பயணம் ஒரு பகல். குண்டு ஒரு விரல் தூரத்தில் இருந்தது. அவள் எழுந்து கதவுவரை போனாள். குண்டின் மூக்கு தன் பக்கம் திரும்பி வேகம் கூட்டத் தொடங்கியதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். கம்பவுண்டர் மட்டும் போய், மகள் செய்ய வேண்டியதையெல்லாம் தானே செய்து, நாலாம் நாள் வந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். அதன்பின் நாற்பது நாள் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தினமும் வந்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அந்த நாற்பது நாளில் அவர் தலை முழுதும் நரைத்தது.

குறித்த புதன்கிழமை வந்தபோது இடைவெளி ஒரு தாள் கனம்கூட இல்லை. அன்று கம்பவுண்டர் மணிவெடிக்கு லீவு கேட்டிருந்தார், ஆகவே அன்றைக்கு ஊரில் பன்னிரண்டு மணி ஆனது யாருக்கும் தெரியாது, வாத்தியாரின் கைக்கடிகாரத்துக்குத் தவிர. பன்னிரண்டுக்குக் குண்டு அவளுடைய தபால் சட்டையைத் தொட்டது. அதற்கு மேல் அதன் வேகம் என்னவென்று வாத்தியாரிடம் கணக்கு இல்லை. டாக்டரம்மா அவள் நாடியைப் பிடித்துக்கொண்டார். கம்பவுண்டர் அவள் முதுகுப் பக்கம் தரையில் மண்டியிட்டு, இரண்டு கையையும் ஏந்தியபடி இருந்தார். ஒருவராலும் ஆவது ஒன்றுமில்லை. ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. குண்டு முதலில் பாதி தெரிந்தது, பிறகு தெரியவில்லை. அவள் கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள், நடுநடுவே தண்ணீர் கேட்டாள். நாலரைக்கு முதுகில் சட்டை புடைத்தது. ஐந்து மணிக்குக் குண்டு, ஒரு பொட்டு ரத்தம் இல்லாமல், கம்பவுண்டரின் கைக்குள் விழுந்தது. நல்ல சூடாக இருந்தது. அவர் அழுதார், ஏழு வருஷத்துக்கும் சேர்த்து அழுதார்.

"வலிச்சுதா?" என்று கேட்டார்.

"இப்பவா, இந்த ஏழு வருஷமாவா?" என்றாள் அவள்.

அவள் நாற்காலியோடு கட்டியிருந்த கட்டை அவிழ்த்துவிட்டு எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, அறையை விட்டு வெளியே போனாள். கம்பவுண்டர் கூப்பிட வாயெடுத்தார், என்ன உரிமையில் கூப்பிடுவது என்று தெரியாமல் குண்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். சாலையில் ஆறு அடி நடந்தாள், பழக்கத்தில் ஒரு கணம் நின்றாள், ஏழாவது அடியை எடுத்து வைத்தாள். சாயங்கால வெயில் அவளுக்கு எதிரிலிருந்து அடித்தது. அவள் நெஞ்சில் இருந்த ஓட்டை வழியாக வந்த வெளிச்சம், பின்னால் விழுந்த அவள் நிழலின் நடுவில் ஒரு சின்ன வட்டமாகத் தெரிந்தது. சைக்கிள் கடைக்காரர் டியூபுக்குக் காற்று அடிப்பதை நிறுத்தாமல் தலையை மட்டும் நிமிர்த்தினார்.

"என்னக்கா, எங்க கிளம்பிட்டீங்க?"

"சும்மாதான். தூரமா."

பார்த்துப் போங்க, அந்தப் பக்கம் ரோடு தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த டியூபை எடுத்தார்.