அவசரம் என்றால் அழித்துவிடு

பக்கத்து வீட்டு நெவிலின் கைப்பேசிக்கு நாளொன்றுக்கு நாலாயிரம் குறுஞ்செய்திகள் வரும். சரி, நாற்பது. ஆனால் அது அலறுகிற அலறலில் நாலாயிரம் என்றுதான் தோன்றும். உங்கள் பார்சல் காத்திருக்கிறது, உங்கள் முகவரி தவறு, இங்கே தொடுங்கள், உடனே தொடுங்கள். மின்னஞ்சலைத் திறந்தால் அது தனித் திருவிழா. கலந்துகொள்ளாத போட்டிகளில் அவர் பதினேழு அடுப்புகள் வென்றிருந்தார். எண்ணெய்க் கிணறு வைத்திருக்கும் விதவை ஒருத்தி வாரம் தவறாமல் அவரை மணக்கத் துடித்தாள்.

"என் முழங்கால் லட்சணம் தெரிஞ்சா ஓடிருவா," என்பார் நெவில்.

எங்கள் பக்கத்தில் எவரும் வீட்டு வாசலுக்குப் பார்சல் கொண்டுவருவதில்லை. முப்பத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டவுன் தபால் நிலையத்துக்கு நாமேதான் போக வேண்டும். அப்படியிருந்தும் போன வருஷம், 'எங்கள் ஓட்டுநர் கதவைத் தட்டினார், நீங்கள் இல்லை' என்று ஒரு செய்தி வந்தபோது நெவில் அதை நம்பினார். முழங்கால் வலியால் மூன்று நாளாக வீட்டைவிட்டு நகராத மனிதர், தட்டியது தன் காதில்தான் விழவில்லை என்று வெட்கப்பட்டு, வங்கி அட்டை எண்ணைப் போட்டுக் கொடுத்தார். வங்கிக் கணக்கைக் கழுவித் துடைத்துவிட்டுப் போனான் திருடன்.

அன்றைக்கே அவர் கைப்பேசியை நான் வாங்கிக்கொண்டேன். நாற்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் நான். பின்சீட்டில் எவன் ஆப்பிளை எறியப்போகிறான் என்பது அவனுக்குத் தெரியுமுன் எனக்குத் தெரிந்துவிடும். என்னிடமா விளையாடுவார்கள்? 'அவசரம் என்று எவன் சொன்னாலும் அவன் திருடன்' என்று அட்டையில் எழுதி நெவில் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டினேன். தினமும் காலையில் தேநீர்க் கோப்பையோடு அவர் வீட்டுக்குப் போய், வந்ததையெல்லாம் அழித்துத் தள்ளினேன். களையெடுப்பதில்கூட அத்தனை இன்பம் கிடையாது.

புதன்கிழமை ஒரு புது எண் கூப்பிட்டது. நெவில் தோட்டத்தில் இருந்தார். நான் எடுத்தேன்.

"நெவில் இருக்காருங்களா? தபால் ஆபீஸ்லருந்து பேசறேன். அவருக்கு ஒரு பார்சல் வந்திருக்கு. உள்ள உயிரோட இருக்கு, உடனே வந்து எடுத்துக்கணும்."

உடனே! என் உள்ளம் துள்ளியது.

"உயிரோடவா? யானையா, ஒட்டகமா?"

"இல்லங்க, சின்னக் கூண்டு. வெயில் வேற கொளுத்துது, செத்துப்போயிரும்…"

"அட பாவமே! அட்டை நம்பர் சொன்னாப் போதுமா கண்ணு, இல்ல என் கிட்னியையும் சேத்து அனுப்பவா?"

"அம்மா, நான் நெஜமாத்தான்…"

"நீ பொழைக்கிற பொழப்பு உங்கம்மாவுக்குத் தெரியுமாடி? போய் நாலு ஆட்டுக்கு மயிர் கத்தரிச்சு நேர்மையாச் சம்பாதி!"

அந்த எண்ணையும் முடக்கினேன். நாற்பது நிமிடம் அவளை வறுத்தெடுத்ததாக ஊரெல்லாம் சொன்னேன். நான்கு நிமிடம் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்கு நெவில் என் வீட்டுக்கு வந்தார். முழங்கால் வலிக்காரர் ஓடி வந்தார் என்றால் பாருங்கள். முகத்தில் ரத்தமில்லை.

"வெர்னா, என் ராணி எங்க?"

நெவிலிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு தேன்கூடு. அதன் ராணித் தேனீ செத்துப்போனதால், புது ராணிக்குச் சொல்லி வைத்திருந்தார். மார்ச் பிறந்துவிட்டது, எங்கள் நாட்டில் அது கோடை முடிகிற மாதம். ராணிகளை வளர்த்து விற்கிறவளிடம் இந்தப் பருவத்துக்கு மிஞ்சிய கடைசி ராணி அதுதான். அது இல்லாவிட்டால் குளிர்காலத்துக்குள் கூடு காலி. இதெல்லாம் எனக்குத் தெரியும். ராணியைத் தபாலில் அனுப்புவார்கள் என்பது மட்டும் தெரியாது. யாரோ வண்டியில் கொண்டுவந்து தருவார்கள் என்று நினைத்திருந்தேன்.

"வீட்டுப் போன்லருந்து ராணி விக்கிறவளுக்குப் போட்டேன்," என்றார். "திங்கக்கெழமையே அனுப்பிட்டாளாம். மெயிலும் போட்டாளாம்."

மெயிலை நான் எங்கே அனுப்பினேன் என்று சொல்லவும் வேண்டுமா? குப்பையில், விதவைக்குப் பக்கத்தில்.

  முடக்கிய எண்ணைத் திறந்து கூப்பிட்டேன்.

"நெவில் பார்சல் விஷயமா, உடனே…"

"நீங்களா? இன்னொரு தடவ கூப்பிட்டீங்க, போலீஸ்ல சொல்லிருவேன்," என்று வைத்துவிட்டாள் அவள்.

தபால் நிலையம் ஐந்துக்கு மூடும். சனி, ஞாயிறு திறக்காது. வெயில் முப்பத்தெட்டு டிகிரி.

"ஏறு கிழவா," என்றேன்.

என் பிக்கப் வண்டி அன்று ஓடவில்லை, பறந்தது. கங்காருகள் ஒதுங்கி நின்று வணக்கம் வைத்தன. நெவில் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவாப் போ, நானும் செத்துட்டா அதை யாரு கூட்டுல விடறது?"

"வாயை மூடிக்கிட்டு வா. கொண்டுபோய்ச் சேக்கறது என் பொறுப்பு."

"நீ பொறுப்பு எடுத்ததாலதான இந்த நெலம."

 வண்டியை இன்னும் மிதித்தேன்.

போய்ச் சேர்ந்தபோது இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே நுழைந்தேன். கெய்லீன் என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"மூடியாச்சுங்க."

"கண்ணு, ஒரு சின்னக் கூண்டு…"

குரலைக் கேட்டதும் அவள் கண்கள் சுருங்கின. "ஆட்டுக்கு மயிர் வெட்டப் போகச் சொன்னது நீங்கதான?"

"நான்தான். தப்பு முழுக்க என்னோடது. வேணும்னா திருப்பித் திட்டு, ஆனா ராணியக் குடுத்துட்டுத் திட்டு."

"நீங்க சொன்னாக் குடுத்துர முடியாது. நெவில் யாரு? லைசென்ஸ் காட்டச் சொல்லுங்க. இந்தக் காலத்துல யாரை நம்பறது?"

நெவில் எடுத்து நீட்டினார். அவள் படத்தையும் முகத்தையும் நான்கு முறை ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு தன் மேசைக்கு அடியிலிருந்து, ஈரத்துணி போட்ட தீப்பெட்டி அளவுக் கூண்டை எடுத்தாள்.

"ரெண்டு நாளா விரல் நுனியால தண்ணி தொட்டு வச்சேன். சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். வீட்டுக்காரர் என்னயப் பைத்தியம்னார்."

துணைக்கு வந்த எட்டுத் தேனீக்களில் மூன்று செத்துக் கிடந்தன. நெவில் கூண்டைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். நீண்ட வயிற்றோடு ஒன்று மெல்ல நகர்ந்தது.

"இருக்கா," என்றார்.

திரும்பும்போது கூண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கையை என் பக்கம் நீட்டினார்.

"போனைக் குடு. இனிமே நானே படிக்கிறேன். நீ பக்கத்துல உக்காந்து திட்டிக்கோ."

கொடுத்தேன். வலித்தது, ஆனாலும் கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டியிலிருந்த அட்டையைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன்: 'தெரியாத எண்ணா? சண்டை போடாதே, வைத்துவிடு. நம்மிடம் இருக்கிற எண்ணுக்கு நாமே கூப்பிட்டுக் கேள்.' திருடர்களை நான் விட்டுவிடப்போவதில்லை. அடுத்த வாரம் டவுன் நூலகத்தில் இதையே ஐந்நூறு பேருக்குச் சொல்லப்போகிறேன். பன்னிரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். முதல் பெயர் கெய்லீன்.

செவ்வாய்க்கிழமை நெவில் கூட்டைத் திறந்தார். பழகட்டும் என்று ராணியோடு உள்ளே வைத்திருந்த கூண்டின்மேல் தேனீக்கள் கும்பலாக மொய்த்திருந்தன. 

"ராணியக் கொல்லப் பாக்குதா?" என்றேன்.

"இரு." விரலால் கூட்டத்தை மெதுவாகத் தள்ளினார். "ராணியப் பிடிக்கலன்னா கூண்டுக் கம்பியக் கவ்விக்கிட்டு நகராதுங்க. பிடிச்சிருந்தா வழி விட்ருங்க."

தேனீக்கள் உருகிய வெண்ணெய்போல வழிந்து நகர்ந்தன.