ஏ.ஜி.எஸ். மாப்பிள்ளை

…முக்காலி என் பொறுப்பு என்று மாப்பிள்ளை எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், ஆபீஸில் நாற்காலிதானே கொடுப்பார்கள், முக்காலிக்கு எதற்குப் பொறுப்பு, நான் என்னடாவென்றால் டைரியில் 'எளிமையான மனிதர்' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன், மையில், இனி அழிக்கவும் முடியாது… விரல்கள் பாட்டுக்குத் தட்டச்சு அடிக்கின்றன, கீழே வண்ணார்பேட்டை பஸ்கள் இந்த மாடிக்குள்ளேயே திரும்புகிற மாதிரி இரைச்சல், பின்னால் டைப்பிங் சொல்லிக்கொடுக்கிற சாலமோன் சார் நடக்கிறார், ஆறு மணி வகுப்புக்கு நுழைந்ததும் அவர்தான் கடிதத்தை நீட்டினார், "ஏம்மா சித்ரலேகா, இது இன்ஸ்டிட்யூட்டா, தபாலாபீஸா? உங்க அய்யாவுக்குத் தெரிஞ்சா என்னையில்லா ஏசுவாரு!" வீட்டு விலாசம் கொடுத்திருக்கலாம், ஆனால் நிச்சயத்துக்கு முன்னால் கடிதம் என்றால்… ஞாயிற்றுக்கிழமை நிச்சயதாம்பூலம், இன்று வெள்ளி, நடுவில் ஒரே ஒரு நாள்.

தப்பு எங்கே தொடங்கியது, வரிசையாகப் பார்க்கலாம், தரகர் மந்திரமூர்த்தி வந்த அன்று அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார், "பட்டாளத்துக்காரனுக்கு என் பொண்ணைக் குடுக்க மாட்டேன் வே", அவர் உடனே, "பட்டாளம்னு யாரு சொன்னா? மாப்பிள்ளை நடராஜ் ஏ.ஜி.எஸ்.ல இருக்காரு அண்ணாச்சி!" என்றார், அவ்வளவுதான், அப்பாவுக்கு ஏ.ஜி.எஸ். என்றால் மெட்ராஸில் அரசு ஊழியர் பென்ஷன் பார்க்கிற ஆபீஸ், இத்தனை வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவருக்கு வேறென்ன தோன்றும், அதிலும் பள்ளிக்கூடத்தில் எவனோ ஒரு குமாஸ்தா பதிவேட்டில் அப்பா பெயர் ஐயம்பெருமாள் என்பதை ஐயோபெருமாள் என்று எழுதித் தொலைத்து, பென்ஷன் புத்தகத்திலும் அப்படியே ஐயோ என்று வந்து, மாப்பிள்ளை அதைத் திருத்திக் கொடுத்துவிடுவார் என்று… மாப்பிள்ளை கல்லிடைக்குறிச்சியிலிருந்து பெண் பார்க்க வந்து முதுகை வளைக்காமல் உட்கார்ந்து கேசரி தின்றபோது, "பாத்தியா, ஆடிட் பண்ணுத ஆளு, எவ்ளோ ஒழுங்கா இருக்காரு" என்று அம்மாவிடம் கிசுகிசுத்தார், ஒட்ட வெட்டிய முடியை யாருமே பார்க்கவில்லையா, நான் பார்த்தேன், மெட்ராஸில் வெக்கை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் ஒன்றும் பொய் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம், நான் எண் போட்டுக் கேள்வி கேட்டால் எண் போட்டே பதில் எழுதுகிறவர், அதனால்தானே பிடித்தது, போன கடிதத்தில் 'நிமிஷத்துக்கு முந்நூறுக்கு மேல் போகும்' என்றிருந்தது, நானோ நாற்பத்தைந்து வார்த்தைக்கே விரல் பின்னிக்கொள்கிறவள், அந்த ராத்திரி வெட்கத்தில் எனக்குத் தூக்கமில்லை. இன்றைய கடிதம், கேள்வி மூன்றுக்குப் பதில்: 'உங்கள் அப்பா பெயரை இதில் திருத்த முடியாது. அடிக்கத்தான் முடியும். ஏ.ஜி.எஸ். என்பது குண்டு எறிகிற மிஷின். மூன்று கால் ஸ்டாண்டைத்தான் முக்காலி என்றேன். பெல்ட்டில் முப்பது கண்ணி, குண்டு இருபத்தொன்பது. முதல் கண்ணி காலி, அதைப் பிடித்து இழுத்தால்தான் மற்றது உள்ளே போகும். கோணாமல் ஏந்திக் கொடுப்பது என் வேலை. உங்கள் வீட்டில் தெரியும் என்றல்லவா நினைத்தேன்?' தெரியாது, ஒருத்தருக்கும் தெரியாது, எல்லையில் எதிர்மலையிலும் ஒருத்தன் முக்காலி வைத்திருப்பானே, அவனும் கோணாமல் கொடுப்பானே… அப்பாவிடம் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும், சொல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தாம்பூலத் தட்டோடு பென்ஷன் ஃபைலையும் நீட்டுவார், எது மோசம்… "ஏம்மா, என்னது இது?" சாலமோன் சார் தாளை உருவிப் பார்க்கிறார், மூன்று வரி, முழுக்க ஐயோ ஐயோ ஐயோ.

படியில் செருப்புச் சத்தம், அப்பா, கக்கத்தில் ஃபைல், கையில் குடை, ஒரு பொட்டலம். "சார்வாள், அஞ்சு நிமிஷம் மிஷின் வேணும். ஏட்டி, மாப்பிள்ளை கையில குடுக்கதுக்கு ஒரு மனு அடி." இப்போது சொல்லிவிடலாம், அப்பா, அது ஆபீஸ் இல்லை, நாலே வார்த்தை, ஆனால் அனுப்புநர்தான் அடித்தேன், ஐயம்பெருமாள் என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தேன், "பெறுநர் யாருன்னு போடட்டும்ப்பா?" "அதைக் காலியா விடு." "காலியாவா?" "அவரு வந்த பொறவு பாத்துக்கிடலாம்." பொட்டலத்தின் சணலை அவிழ்த்துக் காட்டினார், கம்பளிக் குல்லா, காதையும் கழுத்தையும் மூடுகிற மாதிரி. "மாப்பிள்ளைக்கு. அங்கன குளிருல பல்லு கிட்டிப்புடும்லா."

மெட்ராஸிலா… கேட்டேன், "மெட்ராஸ்லயாப்பா?" அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், குல்லாவை மறுபடி மடித்தார், ஒழுங்காக இருந்ததையே மடித்தார், "நேரமாச்சு, பஸ்ஸு போயிரும், பைய இறங்கு, மழைத் தண்ணி, படி வழுக்குது." அப்பாவுக்கு எப்போதிலிருந்து தெரியும், மந்திரமூர்த்தி சொன்னாரா, அந்த முடியை அவரும் பார்த்தாரா, எனக்குத் தெரிந்தால் மாட்டேன் என்பேனென்று பயந்துதான் ஒரு மாதமாக ஃபைலும் கையுமாக அலைகிறாரா… கடிதம் என் பையில், குல்லா அவர் கையில், முன்னால் இறங்குகிறவர் ஒவ்வொரு படியிலும் நின்று எனக்காகக் குடையைத் தாழ்த்துகிறார், அந்தக் காலிக் கண்ணியை யாராவது ஒருவர் பிடித்து இழுக்க வேண்டும், நானா, அவரா…