ஒரு வெள்ளை சுபாக்கி மொட்டு

எங்கள் மாட்சுவே ஊரில் நவம்பர் வந்தால் தேநீர் விருந்துச் சடங்கு நடத்தும் அறையில், தரையில் பதித்த அடுப்பைக் குளிர்காலத்துக்காகத் திறப்போம். அன்றைக்குக் பூக்குவளையில், குளிரில் பூக்கும் சுபாக்கிச் செடியின் மொட்டு ஒன்றுதான் வைக்க வேண்டும். விரிந்த பூ ஆகாது. இதழ் லேசாக வாய் திறந்தால் போதும். அதற்காகவே வாசல் ஓரம் ஒரு வெள்ளை சுபாக்கி வளர்த்தேன். குளிர் காலத்திலும் இலை உதிர்க்காத செடி. கோடையெல்லாம் புழு பொறுக்கியதில் கையெல்லாம் தடித்துப்போயிருந்தது.

இந்த ஞாயிறு முதன்முறையாக என் வீட்டில் அடுப்புத் திறப்பு. எனக்குத் தேநீர்ச் சடங்கு கற்றுக்கொடுத்த ஆசிரியை குவபாரா வருகிறார். நான் தனியாக நடத்தத் தேறிவிட்டேனா என்று அன்றைக்குத்தான் சொல்வார்.

வெள்ளிக்கிழமை கடையிலிருந்து திரும்பினால், மொட்டு நிறைந்த செடி மொட்டையாக நிற்கிறது. பந்து போல உருட்டி வெட்டிவிட்டு என் வீட்டுக்காரர் தொகுசோ பெருமையோடு நின்றார். ரயில்வேயில் ஓய்வு பெற்றதிலிருந்து அவர் கை சும்மா இருப்பதில்லை.

"டீச்சர் வர்றாங்கன்னு சுத்தம் பண்ணேன். எப்படி?"

"மொட்டெல்லாம் எங்கங்க?"

"எந்த மொட்டு?"

சுபாக்கி பூத்து ஓய்ந்த பிறகுதான் வெட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

"அழாத மிசாவோ. எல்லாம் பையில கட்டி குப்பைக்கு..." என்றவர் அப்படியே நின்றார். தெருமுனையில் குப்பை வண்டியின் பாட்டு கேட்டது. வீட்டுக்குள் போடும் செருப்போடு தெருவில் ஓடினார்.

பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"குப்பையைத் திரும்ப வாங்கிட்டு வர்ற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்!" என்று எதிர்வீட்டு ஹமசாக்கி சிரித்தாள்.

முற்றத்தில் செய்தித்தாளை விரித்து ஒவ்வொரு கிளையாகப் பிரித்தோம். முக்கால்வாசி நசுங்கியிருந்தது. அடியில் ஒரே ஒரு கிளை பிழைத்திருந்தது. மொட்டின் நுனியில் வெள்ளை எட்டிப் பார்த்தது. அவசரமாகத் தண்ணீரில் வைத்தேன்.

ஞாயிறன்று ஆசிரியை பூவின் முன் மண்டியிட்டு வணங்கினார். பூவைப் பற்றிக் கேட்பது விருந்தாளியின் முறை.

"பூ எந்த ஊர்து?"

"நம்ம வாசல்ல வளர்ந்ததுதாங்க டீச்சர்."

"யாரு வெட்டினது?"

பொய் சொல்ல வரவில்லை. "எங்க வீட்டுக்காரர்."

"நல்ல கை. எதை வெட்டணும்னு தெரிஞ்ச கை."

கதவுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். நான் சிரிப்பு வராமல் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

என் தேநீரைப் பற்றி ஆசிரியை ஒரு வார்த்தை பேசவில்லை. கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டியபடி சொன்னார்:

"இனி வருஷா வருஷம் நீயே நடத்து. பூவை மட்டும் அவரையே வெட்டச் சொல்லு."