சந்திரம்மாளின் தையல்

சந்திரம்மாளுக்கு அடிவயிற்றின் வலப்பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு புடைப்பு வந்து வருஷம் ஒன்றாகிவிட்டது. படுத்தால் உள்ளே போய்விடும், எழுந்தால் வெளியே வந்துவிடும். அவள் படுப்பதே அபூர்வம். லாரி ஓட்டிக்கொண்டிருந்த கணவன் ராசப்பன் பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து, அவரைத் தூக்கி உட்கார வைப்பது, துடைப்பது, புரட்டிப் போடுவது எல்லாம் அவள் ஒருத்திதான். பிள்ளைகள் இல்லை.

திருச்சி பெரியாஸ்பத்திரியில் டாக்டர் டோரதி அம்மாள் இருமச் சொல்லி, அமுக்கிப் பார்த்தார்.

“இது குடலிறக்கம்மா. இப்ப ஆபத்தில்லை. என்னைக்காவது உள்ள போகாம சிக்கிக்கிச்சுன்னா குடல் அழுகிடும். அப்புறம் அறுத்தாலும் பொழைக்கிறது கஷ்டம்.”

“இப்பவே அறுத்துக்கிட்டா?”

“அதுலயும் பயம் இருக்கு, மறைக்க மாட்டேன். மயக்க ஊசி சிலருக்கு ஒத்துக்காது. புண்ணு சீழ் பிடிக்கலாம். திரும்பவும் வரலாம். மூணு மாசத்துக்குக் குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது. பெல்ட் போட்டுக்கிட்டு ஓட்டுறவங்களும் உண்டு, ஆனா அது வைத்தியமில்லை. நீங்க கனமா ஏதாவது தூக்குவீங்களா?”

“எங்க வீட்டுக்காரரைத்தான்,” என்றாள் சந்திரம்மாள்.

அங்கிருந்தே ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறி நாத்தனார் ராசாத்தியிடம் போய் விஷயத்தைச் சொல்லி, மூன்று மாசம் வந்து அண்ணனைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள்.

“மக பிரசவத்துக்கு வந்திருக்கா அண்ணி. அந்த பெல்ட்டையே போட்டுக்கிட்டுக் கொஞ்ச நாள் பாருங்களேன்.”

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. காபியைக் குடித்துவிட்டு உறையூர் வீட்டுக்குத் திரும்பினாள்.

பெல்ட் வெயிலில் இடுப்பை அறுத்தது. ராசப்பனைத் தூக்கும்போதெல்லாம் விலகிக்கொண்டது. ஒரு சாயங்காலம் அவரைத் தூக்கி உட்கார வைத்ததும் புடைப்பு கல்லாக இறுகி நின்றுவிட்டது. தரையில் மல்லாந்து, காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு பல்லைக் கடித்தாள். வெகுநேரம் கழித்துத்தான் அது உள்ளே போனது. ராசப்பன் கட்டிலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை தூக்க வந்தவளைக் கண்டதும், நல்லாயிருந்த இடக்கையால் கட்டில் சட்டத்தை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம். ஆஸ்... பத்திரி போ.”

“போனா உங்களை யாரு பாக்குறது?”

“குத்பு...” அடுத்த வீட்டுக் குதிரை வண்டிக்காரர் குத்புதீனைத்தான் சொன்னார்.

“அவரு சவாரிக்குப் போவாரா, உங்களைக் கழுவிக்கிட்டு இருப்பாரா? ஒருத்தர்கிட்ட இதைப் போய்க் கேக்க முடியுமா?”

அவர் கையை விடவில்லை. துணி நனைந்த பிறகும் விடவில்லை. அவள் கெஞ்சினாள், திட்டினாள், கடைசியில் தரையில் உட்கார்ந்து அழுதாள். உச்சிவேளை தாண்டியதும் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள்.

குத்புதீன் முழுக்கக் கேட்கவில்லை. “இவ்வளவு நேரமாவா மனுஷனை ஈரத்துல போட்டு வச்சிருக்கே? வா தங்கச்சி,” என்று துண்டை உதறிக்கொண்டு கிளம்பினார். சோற்றைத் தான் பார்த்துக்கொள்வதாக உள்ளேயிருந்து அவர் மனைவி ஜீனத் சொன்னாள்.

ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டார்கள். கால் இரண்டும் யாருடையதோ போல மரத்துக் கிடந்தன. பிழைப்போமா என்ற பயம்கூட அவளுக்குத் தொலைவில்தான் இருந்தது. டாக்டர் சொன்னபடியே புண் கொஞ்சம் சீழ் பிடித்து, தாமதமாக ஆறியது.

பார்வை நேரத்தில் குத்புதீன் வந்தார்.

“முதுகுல சின்னதா புண்ணு வந்திருக்கு, மருந்து போட்டிருக்கேன். ரசம் வேணாங்குறாரு, என் மேலயே எரிஞ்சு விழறாரு. நீ எப்ப வருவேன்னு வாய் ஓயாம கேக்குறாரு. என்னன்னு சொல்லட்டும் தங்கச்சி?”

சந்திரம்மாள் போர்வையை இடுப்புக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“தையல் இன்னும் பிரிக்கலைன்னு சொல்லுங்க பாய்.”

தையலை அன்று காலையிலேயே பிரித்துவிட்டார்கள். குத்புதீன் தலையாட்டிவிட்டுப் போனதும், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடினாள்.