இருமச் சொன்னபோது

...ஒரு சொட்டுச் சிறுநீர்கூட வரவில்லை, எப்படி வரும், காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் போனால்... ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போது செய்வதைத்தான் நேற்றும் செய்துவிட்டாள் ஜெபராணி, ஏழு வருடப் பழக்கம், உதடு வறண்டு வெடித்தாலும் சேலை நனையக்கூடாது. இறங்கியிருந்த கருப்பையை விரல்களால் உள்ளே தாங்கிக்கொண்டு, நல்லா இருமுங்கம்மா என்றார் டாக்டரம்மா. இருமினாள். தும்முனா, சிரிச்சா ஒண்ணுக்குச் சிந்துதா? திரைக்கு அந்தப் பக்கம் மகன் ஜெபராஜ் நின்றான்... அதெல்லாம் இல்லங்க. அப்ப கருப்பையை மட்டும் தூக்கித் தச்சுருவோம், சிந்தாம இருக்க உள்ள வச்சுத் தைக்கிற நாடா உங்களுக்கு வேண்டாம். தலையாட்டினாள். அது நேற்று. இன்று, இன்னும் அரை மணி நேரத்தில் ஆபரேஷன் தியேட்டருக்குக் கூப்பிடுவார்கள். தைத்த பிறகும் இந்த ஈரம் இருக்கும், இதையும் சுமந்துகொண்டு சின்னமனூருக்கு, குடும்பப் பாத்திரக்கடைக்கு, அவர் இல்லாத அந்த வீட்டுக்கு... கர்த்தரே, பொய் சொன்ன வாயால் எப்படி ஜெபிப்பது? கணவரிடமும் இப்படித்தானே. பாயைச் சமையலறைக்கு மாற்றிய அன்று பலவேசம் வாசலில் நின்று கேட்டார், "என்னையப் பாத்தா அருவருப்பா இருக்கா, ராணி?" இடுப்புவலி, தரையில் படுத்தால் இதமாக இருக்கிறது என்றாள். தன் வாடைக்குத்தான் பயந்தாள். அவர் பிறகு கேட்கவேயில்லை. நெஞ்சுவலியில் போன அன்றும் கட்டிலின் ஓரமாகவே கிடந்தார், மீதிக் கட்டிலை யாருக்கு விட்டிருந்தார்?

"ஏத்தா ஷெரினு, இங்கன வா, சிரிச்சுப்புட்டேன், பெட்டு போச்சு!" பக்கத்துக் கட்டில் மொக்கம்மாள், ஜெயமங்கலத்துக்காரி. "அப்படி என்னத்தச் சிரிச்சீக?" நர்ஸ் பெண் ஷெரின் வந்தாள். "நான் இல்லாம ஆடு பால் குடுக்க மாட்டேங்குதுன்னு எம் மருமக போன்ல அழுகுறா. நான் இருந்தப்ப ஒருநா அழுதாளா?" ஷெரினும் சிரித்தபடியே விரிப்பை மாற்றினாள், வெந்நீரில் துடைத்தாள், சேலை விலகாமல் பார்த்துக்கொண்டாள், முகம் சுளிக்கவேயில்லை... ஜெபராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஷெரின்மா, நேத்து நான் சொன்னது பொய். சிந்துது. ஏழு வருசமா." "இதுக்கா அழுகுறீக? இருங்க, டாக்டரம்மாட்ட இப்பவே சொல்லிட்டு வாரேன்." ஜெபராணியின் கன்னத்தைத் துடைத்துவிட்டு ஓடினாள். இவ்வளவுதானா, ஒரு மூச்சில் முடிந்துவிட்டதே... வார்டு வாசல் திரைக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஜெபராஜ் கேட்டிருப்பான், கேட்கட்டும். நேற்றுப் பார்த்த பெண்ணிடம் இருக்கும் என்று நம்பிய இரக்கம், முப்பது வருடம் கூடவே வாழ்ந்தவரிடம் இருக்காது என்று எப்படி முடிவு கட்டினாள்... அவரிடம் மறைத்தது வெட்கத்தால் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள், வெட்கம் மட்டும்தானா அது...