மாத்திரைக்காரி உட்காரவில்லை

தாயோடு தங்கைக்குத் துணையாக வந்த அந்தச் சிறுமி சுகாதார நிலையத்துப் பெஞ்சில் உட்காராமல் சுவரைப் பிடித்தபடி நின்றதுதான் உனைசியின் கண்ணை உறுத்தியது. வாதக் காய்ச்சல் இதயத்தைத் தொட்டுவிட்ட பிள்ளை. அது திரும்பாமலிருக்க மாதாமாதம் இடுப்பில் பென்சிலின் ஊசி போடுவார்கள். போட்டால் மறுநாள் உட்கார முடியாது. ஆனால் இவள் கழுத்தில் தொங்கியது நீல அட்டை. ஆராய்ச்சியில் ஊசிக்குப் பதில் மாத்திரை தின்னும் குழு. மாத்திரை விழுங்கியவளுக்கு இடுப்பு ஏன் வலிக்கிறது?

உனைசி அந்த ஆராய்ச்சிக்குக் கணக்குப் போடுகிறவள். தலைநகர் சுவாவிலிருந்து படகேறி நல்ல சேதி சொல்ல வந்திருந்தாள். மாத்திரை ஊசியைவிட உசத்தி என்று காட்டத் தேவையில்லை. சொல்லும்படியாக மோசமில்லை என்று காட்டினால் போதும், தீவுகளெங்கும் ஊசியை நிறுத்திவிடலாம். காட்டியாகிவிட்டது. இரண்டு குழுவிலும் காய்ச்சல் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் திரும்பியிருந்தது. ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் இந்த நிலையத்துப் பிள்ளைகள். இங்கே நர்ஸ் அவளுடைய அண்ணி லோசலினி.

கேட்டதும் அண்ணி மறைக்கவில்லை. நீல அட்டைக்காரர்கள் எல்லோருக்கும் ஊசியும் போட்டதாகச் சொன்னாள், ஏதோ டீ போட்டுக் கொடுத்ததைப் போல.

உனைசிக்கு ரத்தம் கொதித்தது. அண்ணி இரண்டு சட்டியிலும் ஒரே குழம்பை ஊற்றியிருக்க, ருசி ஒன்றுதான் என்று ஊரைக் கூட்டிச் சொல்லப் பார்த்திருக்கிறாள் உனைசி. இந்த மாதிரி ஆராய்ச்சியின் சனியனே இதுதான். குளறுபடி செய்யச் செய்ய வெற்றி கிட்டே வரும். மாத்திரை உண்மையிலேயே நல்லதாகக்கூட இருந்திருக்கலாம். இனி அது யாருக்குத் தெரியும்?

"வெளிய சொன்னா உங்க வேலை போயிடும். சொல்லலேன்னா எல்லாத் தீவுலயும் ஊசிய நிறுத்திடுவாங்க. உங்களாலதான் அண்ணி."

"என் மகன் ஒரு மாச ஊசி தப்பிச் செத்தான். அடக்கம் முடிஞ்ச மறுநாளே நீ படகேறிட்ட. இப்ப மாத்திரையத் தூக்கிட்டு வந்து எனக்குப் புத்தி சொல்றியா?"

எதற்கெடுத்தாலும் செத்த பிள்ளையை முன்னால் நிறுத்துவது அண்ணியின் வழக்கம். அதுதான் உனைசிக்கு அதிக ஆத்திரம். அவனைத் தூக்கி வளர்த்ததில் தனக்கும் பங்கில்லையா?

"அவனைச் சொல்லியே என் வாயை அடைக்காதீங்க. என் கணக்கு மொத்தமும் பொய்யாப் போச்சு."

"ஜெயிச்சது உன் மாத்திரை இல்லடி. என் ஊசி."

உனைசி தொலைபேசியை எடுத்துச் சுவாவுக்கு எண்களை அழுத்தினாள். லோசலினி தடுக்கவில்லை. தங்கைக்காரியைக் கட்டிலில் ஏற்றினாள். அவள் கழுத்திலும் நீல அட்டை. மருந்தை ஏற்றி, ஊசியை உனைசிக்கு நேராக நீட்டினாள்.

"இந்தப் புள்ளைக்குப் போடவா வேண்டாமா? நீயே சொல்லு."

மறுமுனையில் யாரோ எடுத்து, "உனைசியா? சொல்லு" என்றார்கள். உனைசியின் கண் ஊசி முனையிலேயே நின்றது. பிள்ளையின் தாய் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல் மகளின் பாவாடையை இடுப்பிலிருந்து இறக்கினாள். சிறுமி கண்ணை இறுக மூடி, நீல அட்டையின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.