இன்குபேட்டர் மேல் குங்குமம்

ஆயுத பூஜைக்கு எங்கள் லேபில் எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தோம். மைக்ராஸ்கோப்புக்கு ஒன்று, இன்குபேட்டருக்கு மூன்று. கிருமி வளர்க்கிற இன்குபேட்டருக்குத்தான் விலை அதிகம்.

நான்கு நாள் கழித்து, அதற்குள் வைத்திருந்த, கஜபதி என்பவரின் ரத்தம் தடவிய தட்டில் ரோஜா நிறப் புள்ளிகள் முளைத்திருந்தன. கஜபதிக்குக் குடலில் புற்றுநோய். மருந்து ஏற்ற மார்பில் குழாய் பதித்திருந்தார்கள். ஒன்பது நாளாகக் காய்ச்சல். எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் இறங்கவில்லை.

லேப் இன்சார்ஜ் லட்சுமணன் சார் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"குங்குமம் கொட்டிகீது மா. தூக்கிப் போட்டுட்டு வேற சாம்பிள் கேளு."

தட்டு மூடித்தான் இருந்தது என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் டீ குடிக்கப் போய்விட்டார். ரிப்போர்ட்டில் 'கன்டாமினேஷன்' என்று அடித்தேன். தட்டைத் தூக்கிப் போடவில்லை.

ரிப்போர்ட் வாங்க கஜபதியின் மகள் ரேணுகா முத்தாபுதுப்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பூந்தமல்லியில் இருக்கும் எங்கள் லேபுக்கு வந்தாள்.

"கன்டாமினேஷன்னா இன்னாக்கா? எங்க நைனா மேல அழுக்கா?"

"இல்ல. லேப்ல."

"உங்க லேப்ல அழுக்குன்னா எங்க நைனா ஏன் மறுபடியும் ஊசி குத்திக்கணும்?"

நைனா இப்போது எழுந்து உட்காருவதில்லை என்றும் சொன்னாள்.

அவள் போனதும் ஒரு புள்ளியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். முட்டை வடிவச் செல்கள். சிலவற்றின் ஓரத்தில் சின்ன மொட்டு. குங்குமம் மொட்டு விடாது. இது ஈஸ்ட், ஒருவகைப் பூஞ்சை. ரோடோடோருலாவாக இருக்கலாம். ஈரமான பக்கெட்டில்கூட வளரும். நல்ல உடம்பை ஒன்றும் செய்யாது. எதிர்ப்புச் சக்தி குறைந்த உடம்பில் ஒரு குழாய் கிடைத்தால் குடியேறிவிடும். பூனைக்கும் அபூர்வமாக வரும். கல்லூரி செமினாரில் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். யாரும் கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் கஜபதியின் புது ரத்தம் வந்தது. அதோடு இன்குபேட்டர் கதவிலிருந்து கொஞ்சம் குங்குமத்தைச் சுரண்டி வேறொரு தட்டில் தடவி வைத்தேன். மூன்றாம் நாள் ரத்தத் தட்டில் மறுபடியும் ரோஜா நிறம். குங்குமத் தட்டில் சாம்பல் நிறத்தில் ஏதோ பாக்டீரியா.

இரண்டையும் லட்சுமணன் சார் மேஜையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். இருபது வருஷத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை, பெரிய லேபுக்கு அனுப்பி ஒரு வாரம் காத்திருக்கலாம் என்றார்.

"தப்பாச்சுன்னா கையெழுத்து என்னுது மா."

எங்கள் லேபில் டாக்டருக்கு இன்சார்ஜ்தான் போன் செய்வார். நான் நான்கு வரி எழுதி எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனேன். கஜபதியின் டாக்டர் விஜி போனை எடுத்ததும் படித்தேன். ரத்தத்தில் ஈஸ்ட். இரண்டு முறையும் அதேதான். வழக்கமான பூஞ்சை மருந்து இதற்குக் கேட்காமல் போகலாம். குங்குமம் இல்லை.

"குங்குமம்னு யாரும்மா சொன்னது?" என்றார் டாக்டர்.

அதற்கான பதில் நான் எழுதிய தாளில் இல்லை. போனை வைத்துவிட்டேன்.

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் குழாயை எடுத்து மருந்தையும் மாற்றினார்கள். குழாயின் நுனி எங்கள் லேபுக்கு வந்தது. அதிலும் ரோஜா நிறம். அந்த ரிப்போர்ட்டில் லட்சுமணன் சார் கையெழுத்துப் போட்டார். ஐந்தாம் நாள் கஜபதிக்குக் காய்ச்சல் இறங்கியது.

அடுத்த வெள்ளிக்கிழமை ரேணுகா திருவேற்காட்டுக் கோயில் பிரசாதத்தோடு வந்தாள். என் நெற்றியில் குங்குமம் வைத்தாள். எந்த மெஷினில் கண்டுபிடித்தேன் என்று கேட்டாள். தட்டுகளுக்கு நடுவே இருந்த மைக்ராஸ்கோப்பைக் காட்டினேன். அதற்கும் ஒரு பொட்டு வைக்க விரலை நீட்டினாள்.

லட்சுமணன் சார் நாற்காலியை விட்டு எழாமல் சொன்னார்.

"அந்தத் தட்டுங்கள மொதல்ல இன்குபேட்டர் உள்ள வை மா."